ரிமோட் டெஸ்க்டாப்புக்கு டூ ஃபாக்டர்: சென்னை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தி.நகர், மயிலாப்பூர் பக்கம் ஆடிட்டர் அலுவலகங்கள், பாரிமுனையில் கிளியரிங் ஏஜென்ட்டுகள், அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னப் பட்டறைகள் என்று பல இடங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்க்கிறேன். வீட்டிலிருந்தே அலுவலக மெஷினில் வேலை செய்ய, கோவிட் ஊரடங்கின் அவசரத்தில் திறந்துவிட்ட ரிமோட் டெஸ்க்டாப் (சுருக்கமாக ஆர்.டி.பி.) பல இடங்களில் இன்னும் அப்படியே திறந்து கிடக்கிறது. டூ ஃபாக்டர் போடலாம் என்றதும் எல்லா இடத்திலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலைச் சேர்த்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

"பாஸ்வேர்டே பதினாலு எழுத்து வெச்சிருக்கோம் சார். அதுக்கு மேல எதுக்கு இன்னொண்ணு?"

நீளமான பாஸ்வேர்டு நல்லதுதான். ஆனால் திருட வருபவன் அதை யூகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அதே பாஸ்வேர்டை வேறொரு தளத்திலும் போட்டு, அங்கிருந்து கசிந்திருக்கலாம். ஊழியரின் வீட்டு லேப்டாப்பில் உள்ள வைரஸ் அவர் தட்டுவதையெல்லாம் படித்திருக்கலாம். மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கலாம், அந்தச் சீட்டு இல்லாத அலுவலகத்தை நான் பார்த்தது குறைவு. பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து இருந்தாலும் இந்த மூன்றையும் தடுக்காது.

டூ ஃபாக்டர் என்றால், பாஸ்வேர்டு தெரிந்திருப்பதோடு கையில் ஒரு பொருளும், அதாவது போனோ டோக்கனோ, இருந்தால்தான் உள்ளே விடும். உங்களுக்கு இது புதிதும் இல்லை. ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் தளங்களில் 2023 ஆகஸ்டில் 100 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் ஆரம்பித்து, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்குமே கட்டாயமாக்கிவிட்டார்கள். பில் போடுகிற தளத்துக்கு இவ்வளவு காவல் வைத்துவிட்டு, மொத்தக் கணக்கும் இருக்கிற டாலி சர்வருக்கு வெறும் பாஸ்வேர்டோடு விட்டால் எப்படி?

"விண்டோஸ்லயே இருக்குமே, எந்த செட்டிங்னு மட்டும் சொல்லுங்க."

இல்லை. சின்ன அலுவலகத்தில் உள்ள சாதாரண விண்டோஸ் ப்ரோவிலோ சர்வரிலோ, ரிமோட் டெஸ்க்டாப்புக்குப் போன் ஆப்பில் தெரியும் நம்பரைக் கேட்கிற வசதி கூடவே வருவதில்லை. வெளியிலிருந்து ஒன்றைச் சேர்க்கத்தான் வேண்டும்.

இங்கே இரண்டு குழப்பங்கள் அடிக்கடி வரும். ஒன்று, "மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல ஏற்கெனவே ஆன் பண்ணியிருக்கேனே" என்பது. அது மெயிலையும் ஒன்டிரைவையும் காக்கும். அதே அக்கவுண்டால் ஆர்.டி.பி.யில் நுழைந்தால் பாஸ்வேர்டு மட்டுமே கேட்கும். இன்னொன்று, "நாலு இலக்க பின் நம்பர் வெச்சிருக்கேன்" என்பது. அந்தப் பின் அந்த மெஷின் முன்னால் உட்காருபவருக்கானது. தாம்பரத்திலிருந்து ஆர்.டி.பி.யில் வருபவரிடம் அதைக் கேட்பதே இல்லை.

"என் லேப்டாப்ல ரிமோட் டெஸ்க்டாப் ஆன் பண்ற இடமே காணோமே?"

அது விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருக்கும். அதிலிருந்து வெளியே போகலாம், உள்ளே யாரும் வர முடியாது. ப்ரோ வேண்டும்.

"போர்ட் நம்பரை 3389லேருந்து மாத்தியாச்சு. அது போதாதா?"

போதாது. போர்ட் என்பது மெஷினுக்குள் நுழையும் கதவின் எண் மாதிரி, ஆர்.டி.பி.க்கு வழக்கமானது 3389. இணையத்தில் உள்ள ஐ.பி. முகவரிகளை எல்லாம் ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. எந்த எண்ணில் வைத்தாலும் ஆர்.டி.பி. பதில் சொல்லும் விதத்தை வைத்தே அது ஆர்.டி.பி. என்று கண்டுபிடித்துவிடும். போர்ட்டை மாற்றினால் தட்டிப் பார்ப்பது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலருக்கு இது பிடிக்காது. டூ ஃபாக்டர் போட்டாலும் ரூட்டரில் ஆர்.டி.பி. போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் சரிசெய்த 'ப்ளூகீப்' ஓட்டை லாகினுக்கு முன்பே வேலை செய்யக்கூடியது, பாஸ்வேர்டே தேவையில்லை. அது எவ்வளவு ஆபத்து என்றால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூடத் திருத்தம் வெளியிட்டார்கள். அப்படி ஒரு ஓட்டை மறுபடி வந்தால், லாகின் திரையில் உட்கார்ந்திருக்கும் டூ ஃபாக்டர் என்ன செய்யும்? போர்ட்டை மூடிவிட்டு விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் தனிப் பாதை) வழியாக வர வைப்பதுதான் முதல் வேலை. டூ ஃபாக்டர் அதற்கு அடுத்தது.

"எங்க ஆபீஸ்ல மொத்தமே எட்டு பேர். காசு அதிகமாகாம எதைப் போடலாம்?"

எட்டுப் பேர் என்றால் நான் முதலில் சொல்வது சிஸ்கோவின் டூ ஃபாக்டர் சேவையான டூயோ. பத்துப் பயனர் வரை இலவசம். விண்டோஸ் லாகினுக்கும் ஆர்.டி.பி.க்கும் என்றே தனி இன்ஸ்டாலர் இருக்கிறது. வெளிக் கம்பெனி சர்வரை நம்ப மனமில்லை என்பவர்களுக்கு மல்டிஓடிபி என்ற திறமூல மென்பொருள் உண்டு. எல்லாம் உங்கள் மெஷினுக்குள்ளேயே நடக்கும், ஆனால் சிக்கல் வந்தால் நீங்களே ஆவணத்தைப் படித்துத் தீர்க்க வேண்டும். எல்லாப் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் வைத்திருக்கும் கொஞ்சம் பெரிய அலுவலகமாக இருந்தால் நம்மூர் ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவில் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் இருக்கிறது. டொமைன் இல்லாத எட்டுப் பேருக்கு அது தேவையில்லை.

லாகினில் போடாமல் விபிஎன்னிலேயே டூ ஃபாக்டர் வைப்பது இன்னொரு வழி. ஓப்பன்விபிஎன் ஆக்சஸ் சர்வரில் ஆப் நம்பர் கேட்கும் வசதி கூடவே வருகிறது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் வரை இலவசம். டெயில்ஸ்கேல் என்றால் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைய வேண்டும், அந்த அக்கவுண்டில் டூ ஃபாக்டர் இருந்தால் அதுவே இதற்கும் காவல். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்காது, ஒரு தடவை நுழைந்த லேப்டாப் பல மாதம் நுழைந்தபடியே இருக்கும். அந்த லேப்டாப் மின்சார ரயிலில் தொலைந்தால் எடுத்தவனும் விபிஎன்னுக்குள் இருப்பான். அதனால் டெயில்ஸ்கேல் போடும் இடங்களில் விண்டோஸ் லாகினிலும் டூயோவைச் சேர்த்தே போடுகிறேன்.

நிறையப் பேருக்கு டெயில்ஸ்கேல் ஒத்துவருவதற்கு வேறொரு காரணம் உண்டு. இங்கே பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐ.பி. கிடைப்பதில்லை, பல வாடிக்கையாளர்களுக்கு ஒன்றே. ரூட்டரில் என்னதான் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. டெயில்ஸ்கேலுக்கு அது தடையே இல்லை.

"சரி, டூயோவே போடறேன். எதை முதல்ல செய்யணும்?"

ஆட்களைச் சேர்ப்பதுதான் முதலில். இன்ஸ்டாலரை ஓட்டுவது கடைசி. டூயோவின் நிர்வாகத் தளத்தில் ஒவ்வொருவரையும், விண்டோஸில் உள்ள அதே பயனர் பெயரில் சேர்த்து, அவர்கள் போனில் டூயோ மொபைல் ஆப்பை இணைத்து முடியுங்கள். வலைத்தளங்களில் நடப்பதுபோல விண்டோஸ் லாகின் திரையில் புதிதாகச் சேர்ந்துகொள்ள முடியாது. சேராத ஆள் அன்று காலை வெளியேதான் நிற்பார். விண்டோஸில் 'லட்சுமி' என்றும் டூயோவில் 'லட்சுமி.ஆர்' என்றும் இருந்தாலும் அதே கதி.

பிறகு தளத்தில் மைக்ரோசாஃப்ட் ஆர்.டி.பி. என்ற பயன்பாட்டைச் சேர்த்தால் இரண்டு சாவி வரிகளும் ஒரு முகவரியும் கிடைக்கும். இன்ஸ்டாலர் அவற்றைக் கேட்கும், கொடுங்கள். அந்த ரகசிய வரியை வாட்ஸாப் குரூப்பில் போடாதீர்கள். அடுத்து வரும் திரையில் டிக் செய்யும் கட்டங்கள் இருக்கும். அவற்றில் 'ஆர்.டி.பி.யில் வரும்போது மட்டும் கேள்' என்பதை முதல் வாரத்துக்கு டிக் செய்து வையுங்கள். ஏதாவது சொதப்பினால் சர்வர் முன்னால் போய் உட்கார்ந்து நுழைய வழி இருக்கும். இன்னொரு கட்டம் நெட் இல்லாதபோது என்ன செய்வது என்பது, அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

போட்டு முடித்ததும், ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனை மூடாமல் வேறொரு மெஷினிலிருந்து நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு கொடுத்ததும் சர்வர் திரை வரும், அதன் மேல் டூயோவின் பெட்டி நிற்கும். போனில் ஒப்புதல் தந்தால் டெஸ்க்டாப் திறக்கும். இதையெல்லாம் சனிக்கிழமை மதியம் செய்யுங்கள், செப்டம்பர் கடைசி வாரத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் கை வைக்காதீர்கள்.

"கூகுள் அத்தென்டிகேட்டர் போன்ல இருக்கு. அதையே வெச்சுக்கலாமா?"

மென்பொருளைப் பொறுத்தது. மல்டிஓடிபி, ஓப்பன்விபிஎன் இரண்டும் இப்படி நம்பர் காட்டும் எந்த அத்தென்டிகேட்டர் ஆப்பையும் ஏற்கும், கியூஆர் ஸ்கேன் செய்தால் போதும். டூயோவுக்கு டூயோ மொபைல்தான் வேண்டும். ஒரு போனில் இரண்டு ஆப்பும் சண்டையில்லாமல் இருக்கும்.

"ஆப்பெல்லாம் வேணாம் தம்பி, பேங்க் மாதிரி எஸ்எம்எஸ்ல வந்துட்டா ஈஸிதானே?"

ஈஸிதான். ஆனால் திருடன் ஒருவன் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் அந்த எஸ்எம்எஸ் அவன் போனுக்குப் போகும். சிக்னலும் ஒரு பிரச்சினை. பாரிமுனைச் சந்துகளில் பழைய கட்டடத்துத் தரைத்தளத்தில் ஒரு கோடு சிக்னல் வந்தாலே அதிசயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மொபைல் சிக்னல் என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பில் வரும் நம்பருக்குச் சிக்னலே தேவையில்லை.

"சிக்னலே இல்லாம ஆப்புக்கு எப்படி நம்பர் தெரியுது?"

நம்பர் எங்கிருந்தும் வருவதில்லை, போனே கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. கியூஆர் ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசிய எண் போனுக்குள் போய்விட்டது, அதே எண் சர்வரிடமும் இருக்கிறது. இரண்டும் அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன, அதனால் ஒரே ஆறு இலக்கம் வருகிறது. 30 விநாடிக்கு ஒரு முறை மாறும். 2011இல் வெளியான பொது வரையறை இது, அதனால்தான் அதைப் பின்பற்றும் எந்தக் கம்பெனி ஆப்பும், அதைப் பின்பற்றும் எந்தக் கம்பெனி சர்வரோடும் ஒத்துப்போகிறது. ஈ-வே பில்லுக்கு வரும் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு ஆப்பும் இப்படித்தான் நெட் இல்லாமல் நம்பர் தருகிறது.

கியூஆர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். அந்தப் படம் யாரிடம் போகிறதோ, அவரிடமும் அதே நம்பர் ஓடும்.

"நம்பரைச் சரியாத்தான் அடிக்கறேன், தப்பு தப்புன்னே வருது."

பத்தில் ஒன்பது தடவை கடிகாரம்தான். முந்தைய பதிலில் சொன்ன கணக்கில் நேரமும் ஒரு பகுதி. சர்வர் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தால் அது வேறு நம்பரை எதிர்பார்க்கும். பழைய மெஷினில் மதர்போர்டு பேட்டரி போயிருந்தால் மின்வெட்டுக்குப் பிறகு நேரம் எங்கோ போய் நிற்கும். ரிச்சி தெருவில் அந்தக் காசு பேட்டரியை வாங்கிப் போட்டுவிட்டு, விண்டோஸ் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்துங்கள். போனிலும் தானியங்கி நேரம் ஆனில் இருக்கிறதா பாருங்கள். மணி சரியாகத் தெரிந்தாலும் டைம் ஸோன் தப்பாக இருந்தால் உள்ளே நேரம் தப்புதான்.

"நாலு பேரும் ஒரே ஐடியிலதான் போவோம். போன் முதலாளிகிட்ட இருக்கும். என்ன பண்றது?"

சென்னையில் டூ ஃபாக்டர் தோற்றுப்போகும் இடம் இதுதான். இன்ஸ்டால் செய்வது ஒரு மணி நேர வேலை. ஆனால் எல்லோரும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற ஒரே பெயரில் நுழைந்து, ஒப்புதல் மட்டும் முதலாளியின் போனுக்குப் போனால், முதல் நாள் அவர் "யாருப்பா?" என்று கேட்பார். மூன்றாம் நாள் காரில் போய்க்கொண்டே, கேட்காமல் அப்ரூவ் அழுத்துவார். அப்புறம் அது காவலே இல்லை, வெறும் தொந்தரவு.

ஆளுக்கொரு விண்டோஸ் பயனர் உருவாக்குங்கள். "டாலி அந்த ஐடியில மட்டும்தான் ஓடும்" என்பார்கள். டேட்டா இருக்கும் ஃபோல்டருக்கு மற்றவர்களுக்கும் அனுமதி கொடுத்தால் ஓடும். பெரும்பாலும் அதைச் செய்யாமல் விட்டதுதான் காரணம். அட்மின் உரிமை ஒருவருக்கோ இருவருக்கோ போதும். உடனே பிரிக்க முடியாத இடத்தில், டூயோவில் ஒரே பயனருக்குப் பல போன்களை இணைக்கலாம், யார் போனிலிருந்து ஒப்புதல் வந்தது என்றாவது பதிவில் தெரியும். அதை ஒரு மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள். யாராவது வேலையை விட்டுப் போகும் நாளில் தனிப் பயனரின் அருமை தெரியும். அவர் ஒருவரை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்களுக்குப் பாஸ்வேர்டு மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"போன் தொலைஞ்சு போச்சுன்னா? புது போன் வாங்கினா?"

டூயோவில் நிர்வாகி பழைய போனை நீக்கிப் புதியதைச் சேர்க்கலாம், அதுவரைக்கும் ஒருமுறைக் குறியீடு உருவாக்கித் தரலாம். ஆகவே நிர்வாகியாக இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரே நிர்வாகி இருந்து அவர் போனே தொலைந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மல்டிஓடிபி மாதிரி உள்ளேயே நடக்கும் அமைப்பில் அவசரக் குறியீடுகளை அச்சடித்து, செக் புக் வைக்கும் பீரோவிலேயே வையுங்கள். அந்த சர்வரிலேயே ஒரு ஃபைலாகச் சேமித்தால் பூட்டிய அறைக்குள் சாவியை வைத்த கதை.

போன் மாற்றுபவர்களுக்கு ஒன்று: புது போனில் நம்பர் வேலை செய்கிறது என்று பார்க்காமல் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள்.

"ஆபீஸ்ல நெட் புட்டுக்கிச்சுன்னா நாங்களே உள்ள போக முடியாதா?"

நெட் இல்லையென்றால் வெளியிலிருந்து ஆர்.டி.பி.யே வராது. கேள்வி அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான். டூயோ தன் சர்வரை அடைய முடியாதபோது என்ன செய்ய வேண்டும் என்று இன்ஸ்டாலர் கேட்கிறதல்லவா, அது இதற்காக. ஆரம்பத்தில் 'நெட் இல்லையென்றால் பாஸ்வேர்டு மட்டும் போதும்' என்றுதான் டிக் ஆகியிருக்கும். பலர் இதைப் பார்க்காமலே அடுத்ததை அழுத்திவிடுகிறார்கள்.

எது சரி என்பது சர்வர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூட்டிய அறையில், இரண்டு பேர் மட்டும் தொடும் சர்வர் என்றால் அந்த டிக் அப்படியே இருக்கட்டும். ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் உள்ள மெஷின் என்றால் எடுக்கச் சொல்வேன். ஆனால் வாரம் இரண்டு முறை இணைப்பு அறுகிற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு அன்றைக்கே எனக்குப் போன் செய்யாதீர்கள், முதலில் இரண்டாவது இணைப்பு ஒன்று போடுங்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு அப்ரூவ் பண்ணச் சொல்லி வருது. நான் தூங்கிட்டிருக்கேன்!"

உடனே நிராகரியுங்கள், காலையில் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டு சரியாக அடித்த பிறகுதான் அந்த அறிவிப்பே வரும். ஆக, உங்கள் பாஸ்வேர்டு வேறு யாரிடமோ இருக்கிறது.

சலித்துப்போய் ஒரு தடவை அழுத்திவிடுவீர்கள் என்றுதான் அவன் திரும்பத் திரும்ப அனுப்புகிறான். 2022 செப்டம்பரில் ஊபர் கம்பெனிக்குள் இப்படித்தான் நுழைந்தார்கள். ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு ஒப்புதல் கோரிக்கையாக அனுப்பி, கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுவிட்டார். திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடிக்கச் சொல்லும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே முதல் தன் ஆப்பில் எல்லோருக்கும் கொண்டுவந்ததும் இந்தத் தொல்லைக்காகத்தான்.

"நாங்க ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே வெச்சிருக்கோம். மைக்ரோசாஃப்ட் ஆப்போட சேர்த்தோம், நம்பர் அடிக்கற பெட்டியே வரலையே?"

வராது. கேட்வே என்பது வெளியிலிருந்து வரும் ஆர்.டி.பி. இணைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் சர்வர். அந்த வழியில் நம்பர் அடிக்க இடமே கிடையாது, போனில் ஒப்புதல் தருவது அல்லது வரும் அழைப்பை ஏற்பது மட்டும்தான். மேலே சொன்ன எண் பொருத்தும் முறையும் இதில் இல்லை, வெறும் ஏற்பு, மறுப்புதான். அதனால் நள்ளிரவு அறிவிப்பு விஷயத்தில் கேட்வே பயனர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

"நாங்க ஆர்.டி.பி.யே யூஸ் பண்றதில்ல, எனிடெஸ்க்தான்."

அதுவும் தூரத்து மெஷினை இயக்கும் மென்பொருள்தான், அதிலும் டூ ஃபாக்டர் உண்டு. ஆள் இல்லாமல் நுழைவதற்கான பாஸ்வேர்டு வைக்கும் இடத்திலேயே இருக்கும், எந்த அத்தென்டிகேட்டர் ஆப்பும் போதும். ஆனால் அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்து 'அக்செப்ட்' அழுத்தினால் நம்பரே கேட்காது. "பேங்க்லேருந்து பேசறோம், எனிடெஸ்க் போடுங்க" என்று வரும் அழைப்புகளில் நடப்பது இதுதான், 2019லேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்தது. எந்த டூ ஃபாக்டரும் அதைத் தடுக்காது, ஊழியர்களுக்குச் சொல்லித்தான் வைக்க வேண்டும்.

"எல்லாம் போட்டாச்சு. இனிமே யாராலயும் உள்ள வர முடியாதுல்ல?"

லாகின் திரை வழியாக வருவது மிகவும் கடினம். ஆனால் அது ஒரு வழி மட்டும். அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கும் ஒரு மெஷினில் வைரஸ் புகுந்தால், பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கவோ பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி வழியாகக் கட்டளை அனுப்பவோ அதற்குப் பாஸ்வேர்டு மட்டும் போதும். டூயோ மாதிரியானவை திரையில் நடக்கும் லாகினை மட்டுமே மறிக்கின்றன. கையில் மெஷினே கிடைத்தவர் சேஃப் மோடில் ஏற்றினால் டூ ஃபாக்டர் பெட்டி வராது. அதற்கு டிஸ்க்கையே பூட்டும் பிட்லாக்கரும் அறைப் பூட்டும்தான் மருந்து. நெட்வொர்க்கில் இணையாமல் கழற்றி வைக்கும் பேக்கப் ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

"யாராவது முயற்சி பண்ணியிருக்காங்களான்னு எங்க பாக்கறது?"

விண்டோஸில் உள்ள ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைத் திறந்து 4625 என்ற எண்ணை வடிகட்டுங்கள், அவை தோற்ற லாகின்கள். ரிமோட் லாகின் வகை 10 என்று படித்துவிட்டு அதை மட்டும் தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. நெட்வொர்க் லெவல் அத்தென்டிகேஷன் (சர்வர் திரை வருவதற்கு முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் அமைப்பு) ஆனில் இருக்கும்போது தோற்ற ஆர்.டி.பி. முயற்சி வகை 3 என்று பதிவாகும். பதிவின் அளவையும் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் பழையது அழிந்துகொண்டே வரும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி பதிவுகள் 180 நாள் இருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும்.

விண்டோஸ் பதிவில் மட்டும் பார்த்தால் முக்கியமானது தப்பிவிடும். பாஸ்வேர்டு சரியாக அடித்து, போனில் நிராகரிக்கப்பட்ட முயற்சியைத் தேட வேண்டிய இடம் டூயோவின் நிர்வாகத் தளத்தில் உள்ள பதிவு. நான் போகும் இடங்களில் முதலில் அதைத்தான் திறக்கிறேன். அதில் 'டினைடு' என்று ஒரு வரி இருந்து, அந்தப் பயனர் "நான் இல்லையே" என்று சொன்னால், அவர் பாஸ்வேர்டை அங்கேயே மாற்றச் சொல்லிவிட்டு, அவர் வீட்டு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்வேன்.